நாளுக்கொரு பாட்டு

திருக்கார்த்திகைக்கு மறுநாளே சின்னக் காஞ்சிபுரத்து வைணவ வீடுகளில் நாலாயிர திவ்யப் பிரபந்தம் சேவிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அநத்யயன காலம் என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுவதும் நாக்கில் புரண்ட பாசுரங்களை அன்று முதல் வாய்விட்டுச் சொல்வதில்லை. மார்கழி பிறந்ததும் திருப்பாவைக்கும் திருப்பள்ளியெழுச்சிக்கும் மட்டும் விலக்கு உண்டு. வடகலை வீடுகளில் தேசிகப் பிரபந்தம் ஒலிக்கும். மற்ற ஆழ்வார்களின் பாட்டையெல்லாம் கேட்க வேண்டுமானால் கோயிலில் அத்யயன உற்சவம் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் தொடங்கிவைத்து, நாதமுனிகள் விரிவாக்கிய விழா என்பது மரபு. பிடித்தமான ஒன்றைச் சில வாரம் விட்டுவிட்டு, அது திரும்பி வரும் நாளுக்காகச் செவியைத் தீட்டி வைத்துக்கொள்வதைக் காட்டிலும் நல்ல மௌன விரதம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

தியானம் என்றால் கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தித் தனியாக உட்காருவது என்றே இன்று நினைக்கிறோம். அதற்கு வகுப்புகள் உண்டு, கட்டணம் உண்டு, கைபேசிச் செயலியும் உண்டு. காஞ்சியில் மார்கழி முழுக்க விடியற்காலையில் நடப்பதும் தியானம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அங்கே வாய் திறந்திருக்கிறது, கை வேலை செய்கிறது, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். மனத்தைக் கட்டிப்போட இந்த ஊர் கண்டுபிடித்த வழி, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது. நாளுக்கு ஒரு பாட்டு. நாளுக்கு ஒரு குடம் தண்ணீர். நாளுக்கு நூறு செய்யுள். இந்த ஊரின் பழங்கதைகளில் பாதி இப்படிப்பட்ட அளவுகளைப் பற்றியவைதான்.

மார்கழி டிசம்பர் 16-ஐ ஒட்டிப் பிறந்து ஜனவரி 13-ஐ ஒட்டி முடிகிறது. நமக்கு ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள், மார்கழி அந்த நாளின் விடியற்காலை என்பது நம்பிக்கை. ஆண்டின் மிக நீண்ட இரவு இந்த மாதத்துக்குள்தான், டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. தமிழ்நாட்டுக்குப் பனிப்பொழிவு இல்லை. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை வடிந்து, ஏரிகள் நிறைந்து, வேகவதி ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும் மார்கழி அதிகாலையில் காஞ்சியில் காது குளிர்ந்துபோகிறது. தலையில் துண்டு கட்டாத ஆணைப் பார்ப்பது அரிது.

நாலரை மணிக்குச் சின்னக் காஞ்சி சந்நிதித் தெருவில் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருப்பார்கள். கோலத்தின் நடுவில் சாணிப் பிள்ளையார் உருண்டை, அதன் தலையில் பூசணிப் பூ. ஐயப்ப பக்தர்களை ஏற்றி வந்த ஆந்திர, தெலங்கானப் பேருந்துகள் ஊருக்குள் வரிசையாக நிற்கும். மேல்மருவத்தூர் போகிற செவ்வாடைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக டீக்கடையில் நிற்பார்கள். கறுப்பும் சிவப்புமாக இத்தனை விரதக்காரர்கள் ஒரே நேரத்தில் நடமாடும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறதென்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. இந்தச் சந்தடி எல்லாம் கோபுர வாசலைத் தாண்டினால் பின்னால் போய்விடுகிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும் அதற்கு வடக்கே அனந்தசரஸ் குளமும் இருட்டில் கிடக்கின்றன. 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாள், குளத்திலிருந்து வெளியே எழுந்தருளிய அத்திவரதரைப் பார்க்க நாடே திரண்டு வந்து நின்ற இடம் இது. அவர் மறுபடி இந்தக் குளத்துக்குள் இறங்கிவிட்டார், இனி 2059-இல்தான்.

அத்திகிரி என்கிற சிறு குன்றின் மேல் பெருமாள் நிற்கிறார். 24 படி. ஏறிப் போகிறவர்கள் பேசுவதில்லை. பாசுரம் சேவிக்கும் கோஷ்டி எதிரெதிரே இரண்டு வரிசையாக நிற்கிறது. பஞ்சகச்சமும் பன்னிரண்டு திருமண்ணும் தரித்த முதியவர்கள், அவர்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் போகும் வயதுச் சிறுவர்கள் சிலர். ஒருவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். திருப்பாவை முப்பது பாட்டையும் தினமும் சேவிக்கிறார்கள், அன்றைய நாளுக்கு உரிய பாட்டை மட்டும் இரண்டு முறை. அதுதான் அன்றைய பங்கு.

கொஞ்ச நேரம் கவனித்தால் இதில் மூச்சுக்கு ஒரு ஏற்பாடு இருப்பது தெரியும். எட்டடிப் பாட்டு, நீண்ட வாக்கியங்கள். ஒருவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது பக்கத்தில் இருப்பவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் நிறுத்தும் இடத்தில் இவர் சேர்ந்துவிடுகிறார். யார் நிறுத்தினாலும் பாட்டு நிற்பதில்லை. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வரி நடுவே இருமினார். அவரது சொல்லை எதிர்வரிசைப் பையன் தாங்கிக்கொண்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரியில் சேர்ந்தார். தனியாக உட்கார்ந்து மூச்சை எண்ணுகிறவருக்கு மனம் ஓடிப்போனால் இழுத்து வர ஆள் கிடையாது. இங்கே மனம் ஓடினால் அடுத்த சொல்லைத் தவறவிடுவீர்கள், சுற்றி நிற்கும் அத்தனை பேரும் உங்களை அந்தச் சொல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். நான் பின்னால் நின்று முணுமுணுத்தேன். ஏழெட்டுப் பாட்டுக்குப் பிறகு என் குரல் எனக்குத் தனியாகக் கேட்கவில்லை.

இதே கோஷ்டியில் யார் முதலில் தொடங்குவது, எந்த வாழ்த்தைச் சொல்வது என்ற தென்கலை, வடகலை வழக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே நீதிமன்றம் ஏறியது. இன்றும் அது ஓயவில்லை. பெருமாள் முன்னால் தள்ளுமுள்ளு நடந்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நெஞ்சு வலித்தது. சேர்ந்து மூச்சுவிடக் கற்றுக்கொண்டவர்கள் இப்படிப் பிரிந்து நிற்க வேண்டாமே என்று அந்தப் படிகளில் நின்று கேட்கத் தோன்றுகிறது.

வெளியே பிரசாத நிலையத்தில் கோயில் இட்லி வாங்கிக்கொள்ளலாம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைத்தது. துண்டு போட்டுத்தான் தருவார்கள். மார்கழிக் குளிருக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வரதர் கோயிலிலிருந்து செவிலிமேட்டுப் பக்கம் போனால் சாலைக் கிணறு. இளமையில் காஞ்சியில் வாழ்ந்த இராமானுசர் இங்கிருந்து தினமும் குடத்தில் நீர் சுமந்து வரதரின் திருவாராதனத்துக்குக் கொண்டுபோனார் என்பது குருபரம்பரைக் கதைகள் சொல்வது. தம் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு வடக்கே போய், விந்திய மலைக் காட்டில் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்து விலகித் தனியே திகைத்து நின்றவரை வேடுவனும் வேடுவச்சியுமாக வந்து பெருமாளும் தாயாரும் இந்தக் கிணற்றடிவரை அழைத்து வந்தார்கள். தாகம் என்று அவர்கள் கேட்க, நீர் மொண்டு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், கோபுரம் தெரிந்தது. அன்றுமுதல் அந்த நீரையே சுமந்தார். வேதாந்தத்துக்கு உரை எழுதப்போகிற ஒருவரின் பயிற்சி தோளில் குடத்தோடு தொடங்கியிருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேடுவன் மறைந்த அற்புதம் அல்ல, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் நடந்ததுதான்.

அவருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகளின் வேலையும் அப்படியே. பூவிருந்தவல்லியில் பிறந்த அவர் வரதருக்கு ஆலவட்டம் வீசினார். விசிறிக்கொண்டே பெருமாளோடு பேசுவார் என்பது ஊர் நம்பிக்கை. இராமானுசரின் சந்தேகங்களுக்குப் பெருமாள் சொன்ன ஆறு வார்த்தைகள் நம்பிகளின் வாய் வழியாகத்தான் வந்தன.

திருவெஃகாவுக்கும் போய்வர வேண்டும். யதோக்தகாரி, தமிழில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். பொய்கையாழ்வார் பிறந்த பொய்கை இந்தக் கோயிலை ஒட்டியது. சீடன் கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது திருமழிசையாழ்வார் தாமும் கிளம்பினார். அவர் சொன்னதைக் கேட்டுப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை. அரசன் கெஞ்ச, ஆழ்வார் சொல்ல, பெருமாள் திரும்பி வந்து மறுபடி படுத்தார். அவசரத்தில் வலமிடம் மாறிப் படுத்திருக்கிறார் என்று அர்ச்சகர்கள் காட்டுவார்கள். இரவில் கோயில் மூடும் நேரத்தில் போனால் கூட்டமே இருக்காது, திருமுகத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்தால் தெய்வமே தவத்தில் இருக்கிறது. காமாட்சியம்மன் பத்மாசனமிட்டு உட்கார்ந்திருக்கிறாள், கரும்பு வில்லும் மலர்க்கணையுமாக. எதிரே ஸ்ரீசக்கரம். காஞ்சியில் எத்தனையோ சிவன் கோயில்கள், எதிலும் அம்மனுக்குத் தனிச் சந்நிதி இல்லை, எல்லாருக்கும் இவள் ஒருத்திதான் என்பார்கள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் மணலால் இலிங்கம் பிடித்து வைத்து அவள் தவம் செய்தாள், கம்பையாறு பெருகி வந்தபோது இலிங்கம் கரைந்துவிடாமல் கட்டிக்கொண்டாள். மண் இலிங்கம் என்பதால் அதற்கு இன்றும் நீர் அபிஷேகம் இல்லை, புனுகுச் சட்டம்தான். தவம் என்று சொல்லப்படும் கதையின் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருப்பது இல்லை, ஓடிப் போய் அணைத்துக்கொள்வது இருக்கிறது.

ஏகாம்பரநாதர் கோயிலில் மார்கழிக்கு உரியது திருவெம்பாவை. இருபது பாட்டு, அதோடு மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி பத்து. திருவாதிரையோடு முடியும் பத்து நாளிலும் மாணிக்கவாசகரை எழுந்தருளச் செய்து ஓதுகிறார்கள். இந்தப் பாட்டுகள் கடல் கடந்தும் போயின. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் இதே பருவத்தில் நடத்தும் திரியம்பாவை விழாவின் பெயரே நம் திருவெம்பாவைதான். பாங்காக்கில் அந்த விழாவின் பேரூஞ்சலில் ஆடுவது 1935-இல் நிறுத்தப்பட்டது. பாட்டு ஓதுவது நிற்கவில்லை. அந்தத் தொடர்பை இங்கே எடுத்துச் சொல்லி, பாவைப் பாடல்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோகச் சொன்னவர்களில் முக்கியமானவர் காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள். சைவமும் வைணவமும் ஒரே மாதத்தில் ஒரே நேரத்தில் எழுந்து பாடட்டும் என்பது அவர் விருப்பம். 1994 ஜனவரி 8-ஆம் தேதி, மார்கழியிலேயே அவர் சித்தியடைந்தார். ஆராதனையும் அதனால் இந்த மாதத்தில்தான் வருகிறது. மடத்தில் அவரது அதிஷ்டானத்தின் எதிரே மட்டும் நான் கண்ணை மூடி உட்கார்ந்தவர்களைப் பார்த்தேன், வரிசை வரிசையாக. மௌனத்தை நெடுநாள் விரதமாக வைத்திருந்த ஒருவரின் முன்னால் அது பொருத்தமாகவே இருந்தது.

கைலாசநாதர் கோயிலைச் சுற்றி இருக்கும் 58 சிறு மாடங்களைத் தியான அறைகள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவை சிறு சந்நிதிகள், சிலவற்றில் பல்லவர் கால ஓவியத்தின் வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. இராஜசிம்மன் கட்டிய கோயிலுக்கு அந்தப் புனைவு தேவையில்லை.

இந்த ஊருக்கும் கண்மூடித் தியானத்துக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் காஞ்சியைப் பார்த்திருக்கிறார். நாலந்தாவின் ஆசிரியராக இருந்த தருமபாலர் இவ்வூர்க்காரர் என்று எழுதியிருக்கிறார். சீனாவுக்குப் போய் ஜென் மரபைத் தொடங்கிய போதிதருமர் காஞ்சி இளவரசர் என்பது ஆசிய நாடுகள் பலவற்றில் வழங்கும் நம்பிக்கை. காமாட்சியம்மன் கோயில் வளாகத்தில் ஆய்வாளர் டி. ஏ. கோபிநாதராவ் கண்டு 1915-இல் எழுதிய புத்தர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஜப்பானிய ஜென் மடங்களில் புத்தர் ஞானம் பெற்ற நாளை டிசம்பர் 8 என்று கொண்டு, முதல் தேதியிலிருந்து ஒரு வாரம் தூக்கத்தைக் குறைத்துத் தியானத்தில் உட்காருகிறார்கள். நம் மார்கழிக்குச் சற்று முன்னால். விடியலுக்கு முன் எழுவது, நாளை அளந்து வைப்பது, சேர்ந்து செய்வது மூன்றும் அங்கேயும் இருக்கின்றன. வாயை மட்டும் மூடிக்கொண்டார்கள்.

நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் ஊற்று நீர் ஏறிவிடும், வெளியே பாவு விரிக்கவும் முடியாது. மார்கழியில்தான் வேலை மறுபடி சூடு பிடிக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, பட்டுக்கடைகளில் கூட்டம் குறைவு. ஆனால் தை பிறந்தால் முகூர்த்தம், அதற்கான புடவைகள் இப்போது தறியில் ஏறியாக வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று இழை இழையாகப் பார்த்து, அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். குங்குமச் சிவப்பு. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று யாரும் தலை நிமிரவில்லை.

ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா. குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த அவர் மிதியை அழுத்தி உடல் நாடாவை ஓட்ட, வலக்கரை நாடாவைப் பக்கத்தில் இருந்த அம்மா தள்ளுகிறார். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று கோர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு கோர்வை தப்பினால் அந்த இடத்தில் புடவையில் பிளவு விழும். ஓட்டு, கோர், பலகையை இழுத்து அடி. மறுபடி ஓட்டு. இப்படியே பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த வானொலியில் திருப்பாவை விளக்கம் போய்க்கொண்டிருந்தது.

“நடுவுல மனசு வேற எங்கயாச்சும் போயிடாதாண்ணா?” என்று கேட்டேன்.

“போவும் தம்பி. போனா இழை அறுந்துடும், கை தானா நின்னுடும்” என்றார் அவர்.

அம்மா சிரித்தார். “கோயிலுக்குப் போயிட்டு வந்துதாம்பா உக்காருவோம். தை வரைக்கும் இப்பிடித்தான்.”

2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கோர்வைக்கு இரண்டாவது ஆள் கிடைப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மாதச் சம்பளம் அங்கே இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ஒரே கவனத்தில் நாள் முழுக்க உட்காரும் இந்தப் பழக்கத்துக்கு உரிய கூலியை நாம் தரவில்லை என்பது என் வருத்தம். மின்தறிப் புடவையைக் காஞ்சிப் பட்டு என்று சொல்லி விற்கிறவர்களிடம் வாங்கிக்கொண்டு இந்த ஊரைப் பாராட்டுவதில் பயனில்லை.

திரும்பும் வழியில் குமரகோட்டம். காமாட்சிக்கும் ஏகாம்பரநாதருக்கும் இடையில் முருகன். கச்சியப்ப சிவாசாரியார் இங்கே பூசை செய்துகொண்டே கந்தபுராணம் எழுதினார். நாளுக்கு நூறு செய்யுள் எழுதி இரவில் முருகன் திருவடியில் வைத்துக் கதவைப் பூட்டுவார், காலையில் திருத்தங்களோடு இருக்கும் என்பது மரபுக்கதை. மொத்தம் 10,345 செய்யுள். நாளுக்கு நூறு என்றால் நூற்று நாலு இரவு. வரதர் கோயிலில் அத்யயன உற்சவத்தின் இராப்பத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரத்தையும் நாளுக்கு ஒரு பத்தாக, அதாவது ஏறக்குறைய நூற்றுப் பத்துப் பாசுரமாகப் பத்து இரவில் சேவித்து முடிக்கிறார்கள். கடைசி நாளில் நம்மாழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுவார்கள். திருவடி தொழல் என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகுதான் அநத்யயனம் விலகும், பிரபந்தம் வீடுகளுக்குத் திரும்பும்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசியன்று காஞ்சிக்குப் போகாதீர்கள். அட்டபுயகரப் பெருமாள் கோயிலில் பரமபத வாசல் திறக்கும்போது இருக்கும் நெரிசலில் பாசுரம் காதில் விழாது, சிறப்புத் தரிசன வரிசையில் நிற்பவருக்கு அடுத்தவரின் முதுகுதான் தரிசனம். கூடாரவல்லியன்று அக்காரவடிசிலுக்கு வேண்டுமானால் போகலாம், அதுவும் கூட்டம்தான். பெயரில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போங்கள். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனாலும் முதல் நாள் இரவே வந்து சின்னக் காஞ்சிபுரத்தில் தங்க வேண்டும், இல்லாவிட்டால் நாலரை மணி தப்பிவிடும். ஒரு போர்வை, கையில் திருப்பாவைப் புத்தகம். போகிற நாள் மார்கழி எத்தனையாம் தேதி என்று நாட்காட்டியில் பார்த்து, அந்த எண்ணுக்குரிய பாட்டை மட்டும் முன்னதாக மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். கோஷ்டி அதை இரண்டாம் முறை சேவிக்கும்போது நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். நடுவில் மறந்துபோனால் பரவாயில்லை, மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.